பிள்ளை படலை தாண்டினால் சட்டம் யாரைக் கேட்கும்?

(வடபகுதிக் கிராமமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில், பெற்றோரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளில் அதிகம் பேசப்படாத பொருள். காணிப் பிரச்சினையைப் பேசுகிறோம். மொழிப் பிரச்சினையைப் பேசுகிறோம். வெங்காயத்தின் விலையையும் பேசுகிறோம். ஆனால் பராயமடையாத பிள்ளையொன்று பெற்றோரின் சம்மதமின்றி வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. அது வீட்டுக்குள் அடக்கிவைக்க வேண்டிய விடயம் என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு கேடு தருவது என்பதைக் காட்டவே இங்கு வந்திருக்கிறோம்.

ஒரு காட்சியை மனத்திற் கொள்ளுங்கள். மாலை ஆறு மணியாகிறது. பாடசாலைக்குச் சென்ற மகன் திரும்பவில்லை. தாய் படலையடியில் நிற்கிறாள். தோட்டத்திலிருந்து வந்த தந்தை, காலையில் மகனைக் கண்டித்ததை நினைத்துக்கொள்கிறார். ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. பெரியம்மா வீட்டுக்கு ஆள் போகிறது; சித்தப்பா வீட்டுக்கு ஆள் போகிறது. ‘ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், சத்தமில்லாமல் தேடுவோம்’ என்று வீட்டிலுள்ள மூத்தவர் தீர்ப்புச் சொல்கிறார். ஓர் இரவு கழிகிறது. இரண்டாம் இரவும் கழிகிறது. பொலிஸ் நிலையத்துக்குப் போவது மூன்றாம் நாள். அந்த மூன்று நாட்களுக்குள் பிள்ளை எந்தக் கையில் அகப்பட்டது என்பதை யாரறிவார்? மானத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் பிள்ளையைக் காக்கும் காலத்தை இழந்துவிடுகிறார்கள்.

இத்தகைய வேளையில் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. பிள்ளையின் வயதென்ன? பிள்ளையைக் கூட்டிச் சென்றவர் எவரேனும் உளரா? பிள்ளை விட்டுச் சென்ற வீடு எப்படிப்பட்டது? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

வயது என்ன?

1865ம் ஆண்டின் பராய வயதுக் கட்டளைச்சட்டம் ஒருவர் 21 வயதிலேயே பராயமடைகிறார் என்று வகுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதுவே சட்டமாயிருந்தது. 1989ம் ஆண்டின் 17ம் இலக்கத் திருத்தச்சட்டம் அவ்வயதை 18 ஆகக் குறைத்தது. ஆகவே 18 வயது நிரம்பிய மகனோ மகளோ வீட்டைவிட்டுச் சென்றால், அது பெற்றோரின் மனத்தைப் புண்படுத்தலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு முழு மனிதரின் தீர்மானம். அவரைக் கட்டி இழுத்து வருவதற்குத் தந்தைக்கும் உரிமையில்லை, பொலிசாருக்கும் உரிமையில்லை. இதைப் பெரியோர் பலர் இன்னும் ஏற்க மறுக்கிறார்கள். ஏற்க மறுப்பதாற் சட்டம் மாறிவிடாது.

பதினெட்டுக்குக் கீழே பல படிகள் உண்டு. 1995ம் ஆண்டின் திருத்தத்தின்பின், பொது விவாகச் சட்டத்தின் கீழ் 18 வயது நிரம்பாத எவரும் மணஞ்செய்ய முடியாது. அதற்கு முன்னர் பெண்ணுக்கு 12 வயதே போதுமாயிருந்தது என்பதை இன்றைய தாய்மார் அறிந்தால் திடுக்கிடுவர். முன்பு பெற்றோரின் சம்மதத்தோடு இளவயது விவாகம் நடக்கலாம். இன்றோ தந்தை ஒப்பமிட்டாலும் அவ்விவாகம் செல்லாது. சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லையென 2002ம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. (முஸ்லிம் மக்களின் விவாகங்களுக்கு வேறு சட்டம் உண்டு, அதனை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.) ஆகவே ‘ஓடிப்போன பிள்ளைக்கு எழுத்து எழுதிவிட்டாற் சரி’ என்று அவசர அவசரமாக முடிச்சுப்போட முனையும் பெற்றோர், பிழையைத் திருத்தவில்லை, இன்னொரு பிழையைச் செய்கிறார்கள்.

மேலும், 16 வயது நிரம்பாத பெண்பிள்ளையோடு உடலுறவு கொள்பவன், அவள் விரும்பினாள் என்று சொல்லித் தப்ப முடியாது. அதுவும் 1995ல் வந்த திருத்தமே. 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்று 2016ல் விதி செய்யப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 14 ஆக இருந்ததை 2021ம் ஆண்டின் சட்டம் 16 ஆக உயர்த்தியது. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

பிள்ளை குற்றவாளியா?

அல்ல. இதை நாம் உரத்துச் சொல்ல விரும்புகிறோம். 1883ம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டிப் பாருங்கள். பெற்றோரின் சொல்லைக் கேளாது படலை தாண்டிய பிள்ளையைத் தண்டிக்கும் பிரிவு அதில் ஒன்றேனும் இல்லை. ‘பொலிசிற் பிடித்துக் கொடுப்பேன், மறியலுக்கு அனுப்புவேன்’ என்று பிள்ளையை வெருட்டுவது சட்டமறியாதவர் பேச்சு. அவ்வாறு வெருட்டப்பட்ட பிள்ளை ஆபத்து நேரும்போது பொலிஸ் நிலையத்தின் பக்கமே போகமாட்டாது. உதவி தேடிச் செல்லவேண்டிய கதவை நாமே மூடிவிடுகிறோம்.

அப்படியாயின் பெற்றோருக்கு உரிமையே இல்லையா? உண்டு. எங்கள் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம் தாயையும் தந்தையையும் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. பராயமடையாத பிள்ளை எங்கே வாழவேண்டும், எங்கே கற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்குண்டு. பிள்ளையை ஒருவர் முறைகேடாகத் தம்மிடம் வைத்திருந்தால், ஆட்கொணர்வு மனுவின் மூலம் பிள்ளையை மன்றில் நிறுத்தும்படி கேட்கலாம். அதற்காகக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்பதில்லை. 1987ம் ஆண்டின் 13வது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, பிள்ளை மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டிருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்திலும் அம்மனுவைத் தாக்கல் செய்யலாம்.

பிள்ளை எந்த வகையிலும் கட்டுக்கடங்கவில்லையென்றால், 1939ம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச்சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. பெற்றோரே நீதிமன்றுக்குச் சென்று தம்மால் இயலவில்லை என்று முறையிடலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையிலோ, தகுந்த ஒருவரின் பொறுப்பிலோ, அங்கீகரிக்கப்பட்ட பாடசாலையிலோ பிள்ளையை விடும்படி மன்று கட்டளையிடலாம். ஆனால் அது கடைசிக் கதவு. கோபம் தணியுமுன் அக்கதவைத் தட்டுவோர் பிறகு பிள்ளையைப் பிரிந்து வருந்துவர்.

கூட்டிச் சென்றவர் யார்?

சட்டத்தின் கடுமை பிள்ளைமேல் விழுவதில்லை. பிள்ளையைக் கொண்டுசென்றவர்மேலேயே அது விழுகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 352ம் பிரிவு, 14 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளையை அல்லது 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையைப் பாதுகாவலரின் சம்மதமின்றி அவரது காவலிலிருந்து கூட்டிச் செல்வதையோ ஆசைகாட்டி அழைத்துச் செல்வதையோ ஆட்கவர்தல் என்னுங் குற்றமாக்குகிறது. தண்டனை ஏழாண்டு வரை செல்லக்கூடும். இங்கே பலவந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை. பணம் பறிக்கும் நோக்கம் இருக்கவேண்டும் என்பதுமில்லை. ‘பிள்ளை தானாக விரும்பித்தான் வந்தது’ என்பதும் மறுமொழியாகாது. சட்டம் கேட்பது பாதுகாவலரின் சம்மதத்தை, பிள்ளையின் சம்மதத்தையன்று. கவர்ந்து செல்லப்பட்ட பிள்ளை என்று அறிந்துகொண்டே மறைத்து வைப்பவரும் குற்றவாளியே.

ஆயினும், பிள்ளையோடு வழியிற் காணப்பட்டவர் எல்லோரும் கவர்ந்தவர் ஆகிவிடுவாரா? இதற்கு இந்தியாவில் எழுந்த ஒரு வழக்கு நல்ல விளக்கந் தருகிறது. இந்தியத் தண்டனைச் சட்டமே எங்கள் கோவைக்கு மூலம். இப்பிரிவின் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. மதராஸ் மாநிலத்தில், பதினெட்டு நிரம்பும் தறுவாயிலிருந்த, படித்த பெண்ணொருத்தி தானே புறப்பட்டுச் சென்று ஓர் இளைஞனைச் சந்தித்து, அவனோடு பதிவகத்துக்குச் சென்றாள். கீழ் மன்றுகள் அவனைத் தண்டித்தன. இந்திய உச்ச நீதிமன்றமோ 1964ல் அவனை விடுவித்தது. அவன் தூண்டியதற்கோ இணங்க வைத்ததற்கோ சான்றில்லை. தன் செயலின் பொருளை அறியக்கூடிய பெண் தானே வந்தபோது உடன் சென்றது, காவலிலிருந்து ‘கூட்டிச் சென்றது’ ஆகாது என்று மன்று கண்டது. எங்கள் மன்றுகளை அத்தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயம் எடுத்து நோக்கத் தக்கது.

இங்கே ஒரு குறையையும் சுட்ட வேண்டும். பராய வயது 18. ஆட்கவர்தற் பிரிவின் வயதோ ஆணுக்கு 14, பெண்ணுக்கு 16. பதினைந்து வயது மகனை ஒருவன் ஆசைகாட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோனால், பலவந்தமோ வஞ்சகமோ ஆள்வியாபாரமோ நிரூபிக்கப்பட்டாலன்றி, இப்பிரிவின் கீழ் அவனைத் தொட முடியாது. இந்தியா இவ்வயதுகளை 1949லேயே 16 ஆகவும் 18 ஆகவும் உயர்த்திவிட்டது. நாம் 1883ல் நிற்கிறோம். பிள்ளைகளைக் கூலிக்கும் இழிதொழிலுக்கும் கொண்டுசெல்லும் தரகர்களை எண்ணினால் இவ்வெல்லையை உயர்த்த வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். எங்கள் சமூகத்தில் ‘பிள்ளையைக் கடத்திவிட்டான்’ என்ற முறைப்பாடு எப்போதும் பிள்ளையின் நன்மைக்காக எழுவதில்லை. மறுபக்கத்து இளைஞன் என்ன சாதி, எந்தக் குறிச்சி, சீதனப் பேச்சு என்னவாகும் என்ற கணக்கிலிருந்து எழும் முறைப்பாடுகளும் உண்டு. மகளின் வயதைக் குறைத்துச் சொல்லி முறையிடும் தந்தை தன் மகளையும் அவமதிக்கிறார், நீதிமன்றையும் அவமதிக்கிறார். தமிழருக்கு உரிமை வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டு, தமிழனைத் தமிழன் தாழ்த்துவதற்குச் சட்டப்புத்தகத்தை எடுத்துச் செல்வது என்ன நியாயம்?

விட்டுச் சென்ற வீடு எப்படிப்பட்டது?

பெற்றோருக்கு மிகக் கசப்பான கேள்வி இது. ஆயினும் நீதவான் இதைக் கேட்டே தீருவார். பெற்றோரின் உரிமை உடைமையன்று, பொறுப்பு. பிள்ளைகளின் மேலான பாதுகாவலர் நீதிமன்றமே என்பதும், பிள்ளையின் நலனே தலையாயது என்பதும் எங்கள் மன்றுகள் நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் கொள்கை. 1995ல் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்டவரை வேண்டுமென்றே தாக்குவதையும் கொடுமைப்படுத்துவதையும் கவனியாது விடுவதையும் கைவிடுவதையும் சிறுவர் கொடுமை என்று தண்டிக்கிறது. அத்தண்டனை பெற்றோருக்கும் உரியதே. குடிகாரத் தந்தையின் அடிக்கு அஞ்சி ஓடிய பிள்ளையை அதே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ‘சமாதானம் செய்துவிட்டோம்’ என்று ஊர்ப் பெரியோர் மகிழ்வது நீதியாகாது.

‘இதெல்லாம் மேல்நாட்டாரின் புதுச் சரக்கு’ என்று முதியோர் சிலர் சொல்லக்கூடும். 1991ல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தை நினைத்து அப்படிச் சொல்கிறார்கள். அவர்களைத் தேசவழமையின் பக்கம் அழைக்கிறோம். 1707ல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்சு என்பவர் தொகுத்து, பன்னிரு தமிழ் முதலியார்கள் பார்த்து ஏற்ற அவ்வழமை என்ன சொல்கிறது? மணமாகாத மகனின் உழைப்புப் பெற்றோரின் தேட்டத்தோடு சேரவேண்டும் என்கிறது. அது பெற்றோரின் பக்கம். ஆனால் மனைவியை இழந்த தந்தை மறுமணஞ் செய்ய விரும்பினால், பிள்ளைகளைப் பேரன் பேத்தியாரோ நெருங்கிய சுற்றத்தாரோ ஏற்று வளர்ப்பர் என்றும், தாய் கொண்டுவந்த சீதனத்தையும் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளோடு கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே வழமை கூறுகிறது. தந்தையின் அதிகாரத்துக்கு ஓர் எல்லையுண்டு, பிள்ளையின் நலன் எங்கிருக்கிறதோ அங்கே அதன் சொத்தும் செல்லவேண்டும் என்பதை எங்கள் முன்னோரே அறிந்திருந்தார்கள்.

யுத்தம் கற்பித்த பாடம்

வடக்கிலும் கிழக்கிலும் நின்று இப்பொருளைப் பேசும்போது, 2009 வரை நீடித்த யுத்த காலத்தைக் கடந்துசெல்ல முடியாது. தாய் சோறு போட்டு வைத்திருக்கப் பிள்ளை திரும்பாத வீடுகள் எத்தனை! சில பிள்ளைகள் தாமாகப் போயின, சிலவற்றைக் கொண்டுபோனார்கள். அந்தக் காயத்தைக் கிளறுவது நம் நோக்கமன்று. சட்டம் எங்கு வந்து நிற்கிறது என்பதை மட்டும் சொல்லுவோம். 2006ம் ஆண்டின் திருத்தத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆயுதப் போரிற் பயன்படுத்தச் சேர்ப்பது குற்றமாகும். எந்தக் கொடியின் கீழ் என்று அங்கே கேள்வியில்லை. பிள்ளை விரும்பி வந்தது என்பதால் வளர்ந்தவரின் பொறுப்பு நீங்கிவிடாது. இவ்வளவு விலைகொடுத்துக் கற்ற பாடத்தை இன்று போதைப்பொருள் விற்பவனும், கள்ளமாகக் கடல்கடந்து அனுப்பும் தரகனும் எங்கள் பிள்ளைகளைத் தேடி வரும் காலத்தில் மறந்துவிடலாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளையைக் காணவில்லையென்றால் அன்றே முறையிடுங்கள். ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் அண்மையில் எடுத்த படத்தையும் கொண்டு செல்லுங்கள். காலையில் வீட்டில் நடந்ததை மறையாது சொல்லுங்கள். நீங்கள் மறைக்கும் அந்த ஒரு செய்தியே பிள்ளை சென்ற திசையைக் காட்டக்கூடும். 1998ம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்குக் கட்டணமில்லை. பிள்ளைகளுக்கும் அவ்விலக்கத்தைச் சொல்லிவையுங்கள். உங்கள்மேலேயே முறையிட வேண்டிவந்தாலும் அது அவர்களுக்கு உதவும். அதைச் சொல்லிவைக்கும் துணிவுள்ள பெற்றோர்மேல் முறையிட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இரண்டாவது, முறைப்பாட்டைத் தமிழிற் கொடுங்கள். 1956ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாள்முதல் எங்கள் மக்கள் விளங்காத தாள்களில் ஒப்பமிட்டுப் பழகிவிட்டார்கள். 1987ன் 13வது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988ன் 16வது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் ஆக்கியது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை பொலிஸ் நிலைய மேசையில் நிற்கவேண்டும். ‘விரும்பிச் சென்றாள்’ என்பதற்கும் ‘கூட்டிச் செல்லப்பட்டாள்’ என்பதற்கும் இடையே ஏழாண்டுச் சிறை கிடக்கிறது. அந்த ஒரு சொல் பிறமொழியிற் பிழையாக எழுதப்பட்டால் வழக்கே கவிழ்ந்துவிடும். வாசித்துக் காட்டும்படி கேளுங்கள், விளங்காவிட்டால் ஒப்பமிடாதீர்கள்.

மூன்றாவது, கமக்காரருக்கு ஒரு சொல். அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காதபோது, ஊர் பேர் தெரியாத சிறுவனொருவன் வேலை கேட்டு வந்தால், குறைந்த கூலிக்கு ஓர் ஆள் கிடைத்தான் என்று மகிழாதீர்கள். 16 நிரம்பாதவனைக் கூலிக்கு அமர்த்துவது குற்றம். முதலிற் சோறு கொடுங்கள். பிறகு கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். நல்லெண்ணத்தோடு அடைக்கலங் கொடுத்து உடனே அறிவித்தவரைச் சட்டம் குற்றவாளியாகக் கொள்ளாது. மறைத்தவரையே ஐயத்தோடு நோக்கும்.

நான்காவது, உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் ஒரு சொல். ஓடிப்போகும் பிள்ளை அதற்கு முன்பே அறிகுறி காட்டுகிறது. முதுகிலுள்ள தழும்பை வைத்தியர் காண்கிறார். வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் வாங்கை ஆசிரியர் காண்கிறார். கண்டும் பேசாதிருப்பது நடுநிலைமையாகாது.

கடைசியாக அரசியல். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13வது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயங்கள். வடக்கில் 2013ல் மாகாண சபை தெரிவாயிற்று. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் பல ஓடின. சிறுவர் இல்லத்தில் என்ன குறை, நன்னடத்தை உத்தியோகத்தர் போதுமா என்று மக்களின் பிரதிநிதிகள் கூடிக் கேட்கும் சபை இல்லாமற்போனது. அதிகாரப் பகிர்வு என்பது வெறும் பதவிப் பேச்சென்று நினைப்போர் இதைச் சிந்திக்கட்டும். மூன்றாம் நாள் கண்டெடுக்கப்பட்ட பிள்ளையை அன்றிரவு எங்கே படுக்கவைப்பது என்பதும் அதிகாரப் பகிர்வைப் பற்றிய கேள்வியே.

அன்பர்களே! பிள்ளையைக் கட்டிவைப்பதற்குச் சட்டம் கயிறு தரவில்லை. பிள்ளையைக் கெடுப்பவனைப் பிடிப்பதற்கும், பிள்ளை வாழத் தகுந்த இடத்தைக் காண்பதற்குமே அது வழி தந்திருக்கிறது. அவ்வழியிற் செல்வதற்கு முதற்படி, வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அன்றைக்கே படலையைத் திறந்து வெளியே வருவது. பிள்ளை திரும்பி வரும் நாளில், ‘ஏன் போனாய்?’ என்று அடிப்பதற்குக் கையோங்காமல், ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதற்கு அருகில் அமருங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை.